ஸ்கேனரை அப்புறம் வாங்கலாம், முதலில் ஆளைத் தயார் செய்யுங்கள்

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். சேலத்தில் ஒரு பழைய நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறீர்கள். ஏற்காட்டுக் காப்பி எஸ்டேட் ஒன்றின் பேரேடுகளும் செக்ரோல் எனும் வருகைப் பதிவேடுகளும் உங்களிடம் வந்திருக்கின்றன. கூடவே செவ்வாய்ப்பேட்டை மண்டிக் கணக்குகள் கொஞ்சம், மூடிப்போன போட்டோ ஸ்டூடியோவின் நெகட்டிவ் பெட்டி ஒன்று. இவற்றை மின்னாவணக் காப்பகமாக்க ஐந்து பேருக்கு மூன்று நாள் பயிற்சி வைத்தால் போதுமா, எந்த ஸ்கேனர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று நாள் போதாது. மூன்று நாளில் ஒருவருக்கு ஸ்கேன் செய்யச் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் அது இந்த வேலையில் கால்வாசிகூட இல்லை. மீதியெல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும் கிடக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தவன் நான். பார்த்த தோல்வி ஒன்றுகூட ஸ்கேனரால் வந்ததில்லை.

ஒன்றைச் சொல்கிறேன், இடத்தின் பெயர் வேண்டாம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு தொகுப்பை வெளியாளிடம் கொடுத்து ஸ்கேன் செய்தோம். நாற்பது சொச்சம் டிவிடி வந்தது. ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் ஓர் எண். உள்ளே, இயந்திரம் தானாகப் போட்ட வரிசை எண்ணையே பெயராகக் கொண்ட கோப்புகள். எந்த டிவிடியில் எந்தக் கட்டு என்று ஒரே ஒரு பையனுக்குத்தான் தெரியும், ஒரு நீள நோட்டில் குறித்து வைத்திருந்தான். ஆறு வருடம் கழித்து ஆய்வு மாணவி ஒருவர் வந்து கேட்டார். பையன் திருப்பூருக்கு வேறு வேலைக்குப் போயிருந்தான். நோட்டு, வெள்ளையடித்த சமயத்தில் எங்கோ போய்விட்டது. டிவிடியில் பாதிக்கு மேல் திறக்கவில்லை, திறந்தவை எந்தக் கட்டு என்று சொல்ல ஆளில்லை. மூலக் கட்டுகளை, 'அதான் ஸ்கேன் ஆயிடுச்சே' என்று மாடிப்படிக்கு அடியில் தள்ளியிருந்தார்கள். அங்கே கரையான் முந்திக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொன்றும் நல்ல தரமான ஸ்கேன்.

பத்து வருடம் கழித்து யாராவது வந்து கேட்டால் சரியான பக்கத்தை எடுத்துக்கொடுக்க வேண்டும், அதற்குத்தான் இந்த ஐந்து பேரும். வாரத்துக்கு இரண்டு நாள், ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதிரிப் பொருள், தனிப் பாடநூல் எதுவும் வேண்டாம். உங்கள் பேரேடுகளே பாடம்.

முதல் நான்கு வாரம் கணினியைத் திறக்கவே வேண்டியதில்லை. அந்தக் காகிதங்கள் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனியிலும் மழை ஈரத்திலும் பல பத்தாண்டுகள் கிடந்தவை. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்து வெக்கைக்கு வந்திருக்கின்றன. வந்த வேகத்தில் பிரிக்காதீர்கள். சுற்றியது சுற்றியபடி நிழலான அறையில் ஓரிரு நாள் இருக்கட்டும். சட்டென்று காய்ந்தால் தாளும் அட்டையும் வெவ்வேறு அளவில் சுருங்கி, தைத்த முதுகு பிளந்துவிடும். வெயிலில் காயப்போடுவது வத்தலுக்குச் சரி, பேரேட்டுக்கு ஆகாது. பூசணத்தில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்கப் பழக்குங்கள். உயிரோடு இருப்பது ஈரப்பசையாக, தொட்டால் இழுபடும். அந்தக் கட்டைத் தனி அறையில் காற்றாட வைக்க வேண்டும், மற்றவற்றோடு சேர்க்கவே கூடாது. செத்தது தூளாக இருக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு மிருதுவான தூரிகையால், முதுகுப் பக்கமிருந்து ஓரத்தை நோக்கித் தள்ள வேண்டும். ராமபாணப் பூச்சி துளைத்த பக்கங்களில் செலோடேப் ஒட்ட யாருக்காவது கை துறுதுறுக்கும். அந்தக் கையைத் தட்டிவிடுங்கள். டேப்பின் பசை சில வருடத்தில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும், அப்புறம் முழுதாக எடுப்பது பெரும்பாடு.

முதல் நாளே ஒரு செக்ரோலை மேசையில் வைத்து, ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்க்கட்டும். எஸ்டேட்டின் வருகைப் பதிவேடுதான் செக்ரோல். இடது ஓரத்தில் கங்காணி வாரியாகவோ மேஸ்திரி வாரியாகவோ பெயர்கள், மேலே 1 முதல் 31 வரை தேதி, வலது ஓரத்தில் கூலி, முன்பணத்தில் கழித்தது, அதற்கப்பால் மையில் உருட்டிய கட்டைவிரல் ரேகை. இதெல்லாம் முதல் பத்து நிமிடத்தில் எல்லார் கண்ணிலும் படும். அரை மணி நேரம் கழித்துத்தான் ஓரத்தில் பென்சிலால் எழுதி அடித்த கணக்கு தெரியும். ஒரு பெயருக்கு நேரே மாதம் முழுக்கக் கட்டங்கள் வெறுமையாக இருப்பது தெரியும். இரண்டு பக்கங்களுக்கு நடுவே நாலாக மடித்த ஒரு சீட்டு இருக்கும். அதை யாராவது கையில் எடுத்த உடனே நிறுத்துங்கள். பயிற்சியின் முதல் பாடம் அந்த இடத்தில்தான். அந்தச் சீட்டு எந்தப் பக்கத்தில், எந்தத் திசையில் இருந்தது? வெளியே எடுத்துத் தனி உறையில் போட்டால், அது யாருடைய சீட்டு என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் போயிற்று. முதலில் இருந்த நிலையில் ஒரு படம், பிறகு பிரித்து ஒன்று, பிறகு பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். கட்டுகளை ஆண்டு வாரியாக அழகாக மாற்றி அடுக்குகிற ஆசையும் இதே தப்புதான். வந்த வரிசையே ஒரு தகவல்.

சரி, ஸ்கேனர். தைத்த பேரேட்டுக்குத் தட்டை ஸ்கேனர் வேண்டவே வேண்டாம், கவிழ்த்து அமுக்கியே முதுகை உடைத்துவிடுவார்கள். மேலிருந்து படம் பிடிக்கும் ஸ்டாண்டு, 24 மெகாபிக்சல் கேமரா, மேக்ரோ லென்ஸ், இரண்டு பக்கமும் சூடில்லாத விளக்கு. ஏ4 பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 400 புள்ளி வீதம் எடுத்தால் சுமார் ஒன்றரைக் கோடி பிக்சல் வரும். அதனால் 2.4 கோடி பிக்சல் தரும் இந்தக் கேமரா தாராளம். வண்ண அட்டையும் அளவுகோலும் ஒவ்வொரு கட்டின் முதல் படத்திலாவது இருக்கட்டும். மூலப் பிரதி சுருக்காத டிஃப் கோப்பு. பார்க்கக் கொடுப்பதற்கு ஜேபெக்கோ பிடிஎஃப்போ போதும். டிஃப் ஒன்று 46 எம்பி ஆகும். 10,000 பக்கத்துக்கு 460 ஜிபி, மூன்று பிரதி என்றால் 1.4 டெராபைட். இந்தக் கணக்கை ஐந்து பேரும் தாங்களே காகிதத்தில் போட வேண்டும். ஹார்டு டிஸ்க் வாங்கக் கையெழுத்து கேட்டுப் போகும்போது இதுதான் கைகொடுக்கும்.

உண்மையான சிரமம் விவரம் எழுதுவதில்தான். ஆறு மாதத்தில் இரண்டரை மாதத்தை இதற்கே ஒதுக்குவேன்.

தேதியிலிருந்து ஆரம்பியுங்கள். எஸ்டேட் கணக்கில் பெரும்பாலும் ஆங்கிலத் தேதி இருக்கும், பிரச்சினையில்லை. அதோடு வந்த கிஸ்தி (நிலவரி) ரசீதில் பசலி என்கிற வருவாய்த்துறை ஆண்டு இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு. ஆனால் பசலி ஜூலையில் தொடங்குவதால் பசலி 1320 என்பது 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. 1910 என்று மட்டும் எழுதினால் பாதித் தப்பு. மண்டிக் கணக்கு இன்னும் ருசியானது. 'பிலவ வருஷம் தை மாதம்' என்று இருக்கும். பிலவ 60 வருடத்துக்கு ஒருமுறை வரும்: 1901-02, 1961-62, 2021-22. எது? ரூபாய்க் கணக்கைப் பாருங்கள். தசம நாணயம் 1957 ஏப்ரலில் வந்தது. அணாவும் பையுமாக இருந்தால் 1901-02 பிலவ என்று ஏறக்குறைய முடிவுக்கு வரலாம். ஏறக்குறைய என்கிறேன், ஏனென்றால் பழைய கணக்கப்பிள்ளைகள் 1957-க்குப் பிறகும் சில காலம் அணாவிலேயே எழுதியிருக்கக் கூடும். எடையையும் பாருங்கள், மணங்கும் வீசையுமா, கிலோவா? ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டியிருந்தால் அதில் ராஜா, ராணி தலையா, அசோகச் சின்னமா? இப்படி மூன்று சாட்சியை வைத்து ஆண்டைக் கண்டுபிடிப்பது பயிற்சிக்கு வருகிறவர்களுக்குப் பிடித்துவிடும், துப்பறியும் வேலை மாதிரி. கண்டுபிடித்ததை எழுதும்போது, மூலத்தில் இருப்பது ஒரு கட்டத்திலும், நாம் கணித்தது தனிக் கட்டத்திலும், எதை வைத்துக் கணித்தோம் என்பது மூன்றாவது கட்டத்திலும் போக வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் பின்னால் வருகிறவருக்கு நம் ஊகமே ஆவணமாகிவிடும்.

அடுத்தது இடம். 'சேலம் ஜில்லா' என்று 1950-ஆம் ஆண்டுக் காகிதத்தில் இருந்தால் அது ஓசூராகவும் இருக்கலாம், நாமக்கல்லாகவும் இருக்கலாம். தர்மபுரி 1965-லும் நாமக்கல் 1997-லும்தான் சேலத்திலிருந்து பிரிந்தன, கிருஷ்ணகிரி 2004-ல் தர்மபுரியிலிருந்து. ஆகவே ஊரின் அன்றைய ஜில்லா, இன்றைய மாவட்டம் இரண்டுக்கும் தனிக் கட்டம். எழுத்துக்கூட்டலும் ஒரு தலைவலி. ஏற்காடு, ஏர்க்காடு, சேர்வராயன், சேருவராயன், செவ்வாய்ப்பேட்டை, ஷெவ்வாபேட்டை, எல்லாம் பார்ப்பீர்கள். மூலத்தில் உள்ளதைத் திருத்தாமல் அப்படியே எழுதிவிட்டு, ஒரே இடத்துக்கு ஒரே முடிவான பெயர் என்று ஒரு பெயர்ப் பட்டியலை வைத்து இணைக்க வேண்டும். அந்தப் பட்டியலுக்கு ஒருவர் பொறுப்பு. ஐந்து பேரும் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டால் ஆறே மாதத்தில் ஐந்து ஏற்காடு இருக்கும்.

பெரிய மென்பொருள் எதற்கும் இப்போது அவசரமில்லை. டப்ளின் கோர் என்று 15 கட்டங்கள் கொண்ட ஒரு பொது வடிவம் உண்டு, அதை எக்செல் தாளில் தலைப்பாகப் போட்டு ஆரம்பியுங்கள். ஆனால் தட்டச்சு விஷயத்தில் கறாராக இருங்கள். யூனிகோடு தவிர வேறெதுவும் கூடாது. உங்கள் நூலகத்தில் ஏற்கெனவே வானவில் எழுத்துருவிலோ பாமினியிலோ அடித்த புத்தகப் பட்டியல் கட்டாயம் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல். முதலில் அதை மாற்றுங்கள். யூனிகோடிலும் பொறி உண்டு. ஔவை என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடிப்பவர்கள் ஊரில் பாதிப் பேர். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், தேடினால் கிடைக்காது. கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், இரண்டாகப் பிரித்தும் அடிக்கலாம், அங்கேயும் இதே கதை. இரண்டையும் அடிக்க வைத்து, தேடிக் காட்டி, ஒன்று தவறுவதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். சொன்னால் மறப்பார்கள், பார்த்தால் மறக்க மாட்டார்கள்.

எழுத்துணரி மென்பொருளை நம்பி வேலைத் திட்டம் போடாதீர்கள். அச்சடித்த தமிழை இப்போது ஓரளவு நன்றாகவே படிக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் தும்பிக்கை வைத்த லை, னை, பழைய றா, னா வரும்போது தடுமாறுகிறது. கணக்கப்பிள்ளை கையெழுத்து, தமிழ் எண்கள், மேல்வாய் இலக்கம் எனப்படும் பழைய தமிழ்ப் பின்னங்கள் என்று வந்தால் கையை விரித்துவிடும். அதற்கு மனிதர்தான்.

இங்கே யாருக்குப் பயிற்சி என்ற கேள்வி வருகிறது. ஐந்து பேரையும் கணினி படித்த இளைஞர்களாக எடுக்க நினைத்திருப்பீர்கள். ஒருவரை மாற்றி, லீ பஜார் பக்கம் மண்டியில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற ஒருவரைச் சேருங்கள். அவர் 'வரவு' 'பற்று' பார்த்த மாத்திரத்தில் பக்கத்தின் பாதியைச் சொல்லிவிடுவார். எஸ்டேட்டில் ரைட்டராக (கணக்கு எழுதுபவராக) இருந்த பெரியவர் யாராவது மலையில் இருந்தால் மாதம் ஒருநாள் வரவழைத்துப் பேச விடுங்கள். செக்ரோலில் வருகிற சுருக்கக் குறிகள் எந்தக் கையேட்டிலும் இருக்காது. பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் மட்டும் கொடுத்து அனுப்பாமல், பயிற்றுநர் என்று பெயர் போட்டுச் சம்பளம் கொடுங்கள். பெரியார் பல்கலைக்கழகத்து நூலகவியல், வரலாற்று மாணவர்கள் பயிற்சிக்காலத்துக்கு வந்தால் நல்லது, ஆனால் அவர்களை நம்பிக் காப்பகத்தை நடத்த முடியாது. ஆண்டு முடிந்ததும் போய்விடுவார்கள், போகத்தான் வேண்டும்.

பாதுகாப்புப் பாடத்தை நான் ஒரு சின்னத் திருட்டு வேலையோடு ஆரம்பிப்பேன். எல்லாக் கோப்புக்கும் செக்சம் எடுக்கக் கற்றுக்கொடுங்கள். கோப்பின் உள்ளே இருப்பதைக் கணக்கிட்டு ஒரு நீண்ட எண்ணெழுத்து வரிசை தரும் முறை அது. ஒரு புள்ளி மாறினாலும் வரிசை முழுக்க மாறிவிடும். எடுத்து முடித்த அன்று சாயங்காலம், அவர்கள் போன பிறகு, ஆயிரம் கோப்பில் ஒன்றைத் திறந்து மூலையில் ஒரு புள்ளியை அழித்துச் சேமித்துவிடுங்கள். இன்னொன்றின் பெயரை மாற்றுங்கள். ஒன்றைத் தூக்கிவிடுங்கள். மறுநாள், 'நேற்று மூன்று தப்பு நடந்திருக்கிறது, கண்டுபிடியுங்கள்' என்று சொல்லுங்கள். கண்டுபிடித்த பிறகு, பிரதியிலிருந்து மீட்டுத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். பிரதி எடுப்பதை எல்லாரும் கற்றுக்கொடுக்கிறார்கள். திரும்ப எடுத்துப் பார்ப்பதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. திறந்து பார்க்காத பிரதியை நான் பிரதி என்றே எண்ண மாட்டேன்.

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில் என்பது உலகம் முழுக்கச் சொல்கிற கணக்கு. உங்களுக்கு ஒன்று நூலகத்தில், ஒன்று மேகச் சேமிப்பில், ஒன்று மலைமேல் நம்பிக்கையான இடத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே வைப்பதை ஈரம் புகாத பெட்டியில், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பெரிய நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டால் கவலையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் அழிவில் இருக்கும் ஆவணங்களுக்கான திட்டம் ஒன்றை நடத்துகிறது, தமிழ்நாட்டிலும் அதன் உதவியில் வேலை நடந்திருக்கிறது. 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் கணினிகள் மீது பணம் பறிக்கும் தாக்குதல் நடந்து, அந்தத் திட்டத்தின் படங்களும் மாதக்கணக்கில் யாருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் மூலம் சொந்த நாட்டிலேயே இருக்க வேண்டும், மின்பிரதி ஒன்று உள்ளூர் நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் ஆரம்பகால விதி. அந்த உள்ளூர்ப் பிரதியை ஒழுங்காக வைத்திருந்தவர்களுக்கு வேலை நிற்கவில்லை. சேலத்தில் இருப்பது இரண்டாந்தரப் பிரதி என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

பணம்: ஹார்டு டிஸ்க்குக்கு ஆயுள் நாலைந்து வருடம் என்று வைத்துக்கொண்டு, மாற்றும் செலவை முதல் நாளே திட்டத்தில் எழுதுங்கள். என் கணக்கில், பத்து ரூபாய் கிடைத்தால் ஸ்கேனுக்கு மூன்று, விவரம் எழுதுவதற்கு நான்கு, மீதி மூன்று பின்வரும் வருடங்களுக்கு. நன்கொடையாளர்கள் முதல் மூன்றை மட்டும் ஆசையாகத் தருவார்கள், போட்டோ எடுக்க வசதியாக இருக்கும் அல்லவா. ஓஏஐஎஸ் என்கிற, மின்காப்பகங்களுக்கான சர்வதேசத் தரம் பற்றியெல்லாம் கேள்விப்படுவீர்கள். இரண்டாம் வருடம் படித்துக்கொள்ளலாம்.

உரிமை விஷயத்துக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். எழுத்துக்கு, எழுதியவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. சினிமாவுக்கு, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. இது சேலத்தில் வெறும் சட்டப் பாடம் இல்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமாக் கம்பெனி இருந்த ஊர். ஏற்காடு சாலையில் இன்று அதன் நுழைவு வளைவு நிற்கிறது, ஆனால் ஸ்டில் படமும் பாட்டுப் புத்தகமும் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரணில் இருக்கும். உங்கள் நெகட்டிவ் பெட்டியிலேயே இருந்தாலும் ஆச்சரியமில்லை. சட்டத்தைத் தாண்டிய ஒரு விஷயம்: செக்ரோலில் பெயர், சாதி, பட்ட கடன் எல்லாம் இருக்கிறது. அந்தக் கடனாளியின் பேரன் பேத்திகள் இப்போதும் அதே மலைக் கிராமத்தில் இருக்கலாம். எல்லாவற்றையும் இணையத்தில் திறந்துவிடுவது பெருமையில்லை. பட்டியல் எல்லாருக்கும், பக்கம் கேட்டு வருகிறவருக்கு என்று ஓர் இடைவழி வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த குடும்பத்திடம் ஒரு பக்கக் கடிதம் தமிழில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் அடுத்த தலைமுறையிடம் செல்லாது.

நேரில் பார்க்க வேண்டுமென்றால், மூன்றாம் மாத முடிவில் ஐந்து பேரையும் சென்னைக்கு அழைத்துப்போங்கள். 1994-ல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்ததிலிருந்து வளர்ந்தது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அதற்கு முன்பே அழைத்துப்போனால் வாய்பிளந்து பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். கையால் கொஞ்சம் வேலை செய்தபின் போனால்தான் சரியான கேள்வி கேட்பார்கள். யாராவது ஒருவர் இதிலேயே நிலைக்கப்போகிறார் என்று தெரிந்தால், டில்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பலாம்.

ஆறாம் மாதம் தேர்வு எதுவும் வேண்டாம். ஐந்து பேரில் நன்றாக வேலை தெரிந்தவருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு வாரம் விடுப்பு கொடுத்துவிட்டு, தொலைபேசியில்கூட அவரைக் கேட்கக் கூடாது என்று மற்றவர்களிடம் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அதெல்லாம் அவர் தலைக்குள் மட்டும் இருந்தது என்று அர்த்தம். அவர் திரும்பி வந்ததும் முதல் வேலை அதை எழுதி வைப்பது. என் திருப்பூர்ப் பையனுக்கு நாங்கள் இதைச் செய்திருக்க வேண்டும்.

பயிற்சி தொடங்கும் வரை காத்திருக்க முடியாத வேலை ஒன்று உண்டு, அந்த நெகட்டிவ் பெட்டி. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். காடி (வினிகர்) வாடை அடித்தால் அசிட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கியிருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதற்கும் தொற்றும். வாடை வருவதையும் வராததையும் இரண்டு பெட்டியாகப் பிரித்து, காற்றுப் போகும் அட்டைப் பெட்டியில், கட்டடத்திலேயே குளிர்ச்சியான அறையில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் இறுக்கி மூடாதீர்கள். பிசுபிசுப்பாக, பழுப்பாக மாறிய பழைய ஃபிலிம் ஏதாவது இருந்தால் அது நைட்ரேட்டாக இருக்கலாம். கோடாக் அதை 1951-ல் நிறுத்தியது, அதற்கு முந்தையதென்றால் சந்தேகப்படுங்கள். சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு, சூடும் விளக்கும் பக்கத்தில் வராமல் தனியாக ஒதுக்கிவிட்டு விவரம் தெரிந்தவரைக் கேளுங்கள். கண்ணாடி நெகட்டிவ்களைப் படுக்கப் போடாமல் நீள ஓரம் கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். பிரித்து முடித்ததும் பெட்டி ஒவ்வொன்றின் மேலும் இன்றைய தேதியையும், வாடை இருந்ததா இல்லையா என்பதையும் பென்சிலால் எழுதிவிடுங்கள்.